கிட்னி ஃபெயிலியர்: மாற்றுத்திறனாளி சான்று கிடைக்கல, கம்பெனியில எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க

நொய்யல்கரை · ஞாயிறு, காலை 7.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. அண்ணனுக்காக எழுதறேன். வயசு 38. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், பதினோரு வருசமா ஒரே இடம். போன ஆடியில கால் வீங்குச்சு, அப்புறம் முகம். வெயில்ல நின்னு வேலை செய்யறதாலன்னு நெனச்சுட்டு இருந்துட்டோம். ரத்தம் எடுத்துப் பாத்தா கிரியாட்டினின், அதான் கிட்னி கழிவை வெளியேத்துதான்னு காட்டற அளவு, 9க்கு மேல. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னு சொல்லிட்டாங்க. பிரஷர் இருந்ததே அவருக்குத் தெரியாது. ஐப்பசியில இருந்து வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். தனியார்ல ஒரு தடவைக்கு 1,800 ரூபா கட்டறோம். நகை ரெண்டு தடவை அடமானம் போயாச்சு.

மாற்றுத்திறனாளி சான்று வாங்கினா மாசம் உதவித்தொகை வரும், பஸ் பாஸ் வரும்னு ஊர்ல சொன்னாங்க. முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில எட்டு மணிக்குப் போய் ரெண்டு மணிக்குத்தான் டாக்டரைப் பாத்தோம். "கை, கால், கண்ணு, காது எல்லாம் நல்லாத்தானே இருக்கு, இதுக்குச் சான்று தர வழியில்லம்மா"ன்னுட்டார். அண்ணன் சட்டைக் கையை மடிச்சு, டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா போட்ட இடத்தைக் காட்டினார். அந்த அதிர்வைத் தொட்டுப் பாருங்கன்னார். டாக்டர் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஃபைலை மூடிட்டார்.

இப்ப அவசரம் என்னன்னா, நாளைக்குத் திங்கக்கிழமை கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காங்க. லீவு ரொம்ப ஆயிருச்சு, ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, 60,000 தர்றோம், பி.எஃப். பணத்தையும் எடுத்துக்கலாம்னு மேனேஜர் சொல்றார். அண்ணன் வாங்கிக்கலாங்கறார். கடனுக்கு ஆகுமேன்னு. சான்றுக்கு மறுபடி எங்க மனு போடறது? அதுதான் என் கேள்வி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய சங்கத்துக்காரர் · ஞாயிறு, காலை 7.40

தங்கச்சி, சான்று விஷயத்தை அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு அண்ணன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கேள்விகள்: சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா? எத்தனை வருடமாக? பி.எஃப். எத்தனை வருடம்? சம்பளம் எவ்வளவு? லீவுக்கு எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறாரா, வாய்வார்த்தைதானா?

நொய்யல்கரை · ஞாயிறு, காலை 8.05

சொல்லிட்டேனுங்க. சம்பளம் 19,500. இ.எஸ்.ஐ., பி.எஃப். ரெண்டும் மூணரை வருசமாத்தான் பிடிக்கறாங்க, அதுக்கு முன்னால கான்ட்ராக்ட்னு வெச்சிருந்தாங்க. லீவுக்கு போன்ல சொன்னதுதான். இ.எஸ்.ஐ. கார்டு பீரோவுல இருக்கு. காய்ச்சல் தலைவலிக்கு மாத்திரை வாங்கறதுக்குத்தான் அதுன்னு நெனச்சுட்டு இருந்தோம்.

பழைய சங்கத்துக்காரர் · ஞாயிறு, காலை 8.52

இதைத்தான் நினைத்தேன். உங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பேர் அந்த கார்டை பீரோவில்தான் வைத்திருக்கிறார்கள்.

நன்றாகக் கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை தருவார்கள். இதுவே பலருக்குத் தெரியாது. இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது: நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி. புற்றுநோய், காசநோய், பக்கவாதம் போல 34 நீண்டகால நோய்களுக்கு ஒரு பட்டியல். அதில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது. இந்த நோய்களுக்கு 91 நாளோடு நிற்காது, இரண்டு வருடம் வரை போகும். தொகையும் 80 சதவீதமாக உயரும்.

நிபந்தனை என்ன? நோய் வந்தபோது தொடர்ந்து இரண்டு வருடம் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய நான்கு சந்தா காலங்களில் மொத்தம் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தா காலம் ஆறு மாதம்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். மூன்றரை வருடம் பிடித்திருக்கிறார்கள் என்றால் உங்கள் அண்ணனுக்குத் தகுதி வந்துவிடும்.

நாள் சம்பளம் 650 என்று வைத்துக்கொண்டால் முதல் 91 நாள் ஒரு நாளைக்கு 455, அதன் பிறகு 520. முப்பது நாளைக்கு 15,600 ரூபாய். அந்த மேனேஜர் சொல்லும் 60,000, இதில் நான்கு மாதப் பணம்கூட இல்லை.

இது தவிர வைத்தியம். டயாலிசிஸ் செலவும் இ.எஸ்.ஐ. பொறுப்பு. அவர்களிடம் வசதி இல்லையென்றால் ஒப்பந்த மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதித் தருவார்கள். மாதா மாதம் தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் கம்பெனி 3.25 சதவீதமும் கட்டி வாங்கிய உரிமை அது. யாரும் தர்மம் செய்யவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. வேலையை விட்டவருக்கு "வேலைக்குப் போக முடியாத நாள்" என்று ஒன்றே கிடையாது, பிறகு எந்த நாளுக்கு உதவி தருவார்கள்?

ஈரோட்டு அம்மா · ஞாயிறு, காலை 10.20

கண்ணு, நான் இங்க எழுதி ரொம்ப நாளாச்சு. உன் பதிவைப் படிச்சுட்டுக் கை நடுங்குது.

என் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான். மில்லுல ஏழு வருசம். சூப்பர்வைசர் நல்ல மனுசன்தான், கெட்டது நெனச்சுச் சொல்லல. "நீ ஒடம்பைப் பாத்துக்க, எழுதிக் கொடு, கணக்கு முடிச்சுத் தர்றோம்"னார். 40,000 கொடுத்தாங்க. பி.எஃப்., பென்ஷன் பணம் எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்தோம். எட்டு மாசத்துல அவர் போயிட்டார்.

காரியம் முடிஞ்சு ஒரு பையன் வந்து சொன்னான். வேலையில இருக்கும்போதே இறந்திருந்தா பி.எஃப்.போட சேர்ந்த இன்சூரன்ஸ்ல 7 லட்சம் வரைக்கும் வரும், எனக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் வரும்னு. நாங்க ராஜினாமா கொடுத்து, பென்ஷன் பணத்தையும் எடுத்துட்டதால ஒண்ணும் இல்லைன்னு. அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் வந்துச்சு. ஏன் இப்ப வந்து சொல்றேன்னு.

கையெழுத்துப் போட வேண்டாம் கண்ணு. நாளைக்கு நீயும் கூடவே போ.

நாலுசக்கரம் · ஞாயிறு, பகல் 12.15

சான்று பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குப் போலியோ, சக்கர நாற்காலி. தொழில் வக்கீல்.

முகாம் மருத்துவர் மனசாட்சி இல்லாதவர் அல்ல. அவர் கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் அண்ணனுக்கு இடமில்லை. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ரத்தம் சார்ந்த மூன்று நோய்கள் புதிதாக உள்ளே வந்தன: ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை. பார்க்கின்சன் வந்தது. கிட்னி வரவில்லை. மேல்முறையீடு செய்தாலும் அதே பட்டியலைத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்த வாசலில் நின்று உங்கள் தெம்பைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம். கிட்னி நோயோடு சேர்ந்து வேறு குறைபாடு இருந்தால் அதற்காகச் சான்று கேட்கலாம். சர்க்கரையால் பார்வை குறைந்தவர்கள், கால் எடுக்கப்பட்டவர்கள் டயாலிசிஸ் அறைகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்வைக் குறைபாடு, இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் சான்று கிடைக்கும். 40 சதவீதம் தாண்ட வேண்டும். ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30தான் போடுவார்கள், அது போதாது. உங்கள் அண்ணனுக்குப் பார்வை, நரம்பு ஏதாவது சிக்கல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மதுரைக் கணக்கர் · ஞாயிறு, மாலை 4.30

நான் கொஞ்சம் மாறுபட்டுப் பேசுவேன், மன்னிக்கவும்.

எனக்கு ஆறு வருடமாகக் கிட்னி வேலை செய்வதில்லை. வயிற்று டயாலிசிஸ் செய்கிறேன். இரண்டு லிட்டர் திரவப் பை, ஒரு நாளைக்கு நான்கு முறை வயிற்றில் ஏற்றி மாற்ற வேண்டும். அலுவலகத்தில் ஒரு சின்ன அறையைக் கழுவித் துடைத்து எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். மதிய மாற்றத்தை அங்கே செய்துவிட்டு மூன்று மணிக்கு மறுபடி கணக்கில் உட்காருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன.

என் பயம் இதுதான். கிட்னி நோயாளி என்றாலே வேலை செய்ய முடியாதவன் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? "நீங்களே சொல்கிறீர்களே, போய் உதவித்தொகை வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். நான் இயலாதவன் அல்ல. எனக்கு வேண்டியது ஒரு சுத்தமான அறையும் முப்பது நிமிடமும்.

நாலுசக்கரம் · ஞாயிறு, மாலை 5.10

கணக்கர் ஐயா, உங்கள் வார்த்தை எனக்குப் புரிகிறது. ஆனால் "இயலாதவன்" என்ற பொருளில் நான் மாற்றுத்திறனாளி அல்ல. தினமும் நீதிமன்றம் போகிறேன். சாய்தளம் இல்லாத கட்டடத்தில்தான் நான் இயலாதவன். நீங்களும் அந்த அறை இல்லாத அலுவலகத்தில்தான் இயலாதவர். 2016 சட்டம் கொடுக்கும் விளக்கமும் இதுதான்: நீண்டகாலக் குறைபாடு, சுற்றியுள்ள தடைகளோடு மோதும்போது ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி. இந்த விளக்கத்துக்குள் டயாலிசிஸ் செய்யும் ஒவ்வொருவரும் வருகிறார். பட்டியலுக்குள்தான் வரவில்லை. உங்கள் அறையும் முப்பது நிமிடமும் இன்று முதலாளியின் நல்ல மனசில் நிற்கிறது. அவர் மாறினால்?

பட்டியலின் கடைசியில், மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் என்று ஒரு வரி இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகாமலே ஓர் அறிவிப்பில் கிட்னியைச் சேர்க்கலாம். எங்கள் ஆட்களிலேயே சிலர் இதை விரும்புவதில்லை, மறைக்காமல் சொல்கிறேன். அரசு வேலையில் இருப்பது 4 சதவீத ஒதுக்கீடு, இன்னும் எத்தனை பேர் வந்து பங்கு கேட்பார்கள் என்கிறார்கள். நான் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பசித்தவர்கள் கூடினால் சோற்றைத்தான் பெருக்க வேண்டும்.

சித்தூர் வேலு · ஞாயிறு, இரவு 8.45

எங்கள் பக்கம் எப்படி என்று சொல்கிறேன். ஆந்திராவில் டயாலிசிஸ் செய்பவருக்கு மாதம் 10,000 ரூபாய் பென்ஷன். என் பெரியம்மா வாங்குகிறார். வீட்டுக்கே வந்து கையில் கொடுக்கிறார்கள். ஸ்ரீகாகுளம் பக்கம் உத்தானத்தில் ஊர் ஊராகக் கிட்னி போனதே, அந்த மக்கள் பட்ட பாட்டில் வந்தது. தெலங்கானாவிலும் டயாலிசிஸ் நோயாளியை ஆசரா பென்ஷனில் சேர்த்தார்கள், 2,016 ரூபாய். கேரளாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு சமாஸ்வாசம் என்று மாதம் 1,100. இங்கெல்லாம் 21 வகைப் பட்டியலைத் திருத்தவில்லை. கிட்னிக்கென்றே தனியாக ஒரு வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் சிகிச்சைக்குச் செய்வது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவன் மறுநாள் என்ன சாப்பிடுவான்?

தென்காசி மீரான் · ஞாயிறு, இரவு 9.30

தங்கச்சி, அந்த 80 சதவீத உதவியை வாங்கினவன் நான். அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரிதான். நான் மாட்டின இடத்தை மட்டும் சொல்லுதேன், நீங்க மாட்டிராதீங்க.

எனக்கு 91 நாள் முடிஞ்சதும் பணம் நின்னு போச்சு. போய்க் கேட்டா, சான்றுல "சர்க்கரை, ரத்த அழுத்தம்"னு மட்டும் எழுதியிருக்கு, அது நீட்டிப்புக்கு ஆகாதுன்னுட்டாங்க. எனக்கு வாரம் மூணு டயாலிசிஸ் ஓடுது, தாளுல சர்க்கரைன்னு இருக்கு. அதைச் சரிபண்ண ஏழு வாரம் அலைஞ்சேன். டயாலிசிஸ் முடிஞ்ச அன்னைக்குத் தலை சுத்திக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிருக்கேன்.

அதனால முதல் நாளே டாக்டர்கிட்ட, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸில் இருக்கிறார்னு தெளிவா எழுதச் சொல்லுங்க. தனியார் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஃபிஸ்டுலா ஆபரேஷன் தாள், டயாலிசிஸ் செஞ்ச தேதி எல்லாம் நகல் எடுத்து ஒரு ஃபைல். அசலை யாருக்கும் கொடுக்காதீங்க. சான்றுல ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் வராது. அடுத்த தேதி என்னைக்குன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

இன்னொண்ணு. மாற்று அறுவை சிகிச்சைக்கோ டயாலிசிஸுக்கோ வெளியூர் போனா ரயில்ல சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூணாம் ஏசியில 75 சதவீதம், ரெண்டாம் ஏசியில 50. கூட வர்ற ஒருத்தருக்கும் சேர்த்து. ஆஸ்பத்திரியில அதுக்குரிய படிவத்துல எழுதி வாங்கிட்டுக் கவுண்டர்லதான் எடுக்கணும்.

நொய்யல்கரை · திங்கள், மாலை 6.20

போயிட்டு வந்தோமுங்க. நானும் கூடப் போனேன். அண்ணன் ஒண்ணும் பேசல, நான்தான் பேசினேன். இ.எஸ்.ஐ.ல நோய்க்கால உதவிக்கு மனு போடப் போறோம், ராஜினாமா இப்ப இல்லைன்னேன். மேனேஜர் முகம் மாறிப்போச்சு. அப்படின்னா நாங்களே நீக்கிருவோம்னார். நான் பயந்துட்டேன், ஆனா எழுதிக் கொடுக்கல.

பழைய சங்கத்துக்காரர் · திங்கள், இரவு 7.05

நல்லது செய்தீர்கள். பயப்பட வேண்டாம். இ.எஸ்.ஐ. தரும் ஒரு பாதுகாப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒரு தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை. அந்தக் காலத்தில் கொடுக்கும் நீக்கல் நோட்டீஸ் செல்லாது. ஆயுள் முழுக்கக் காக்கும் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள், நீண்ட காலம் போனால் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் இன்றைக்கு அது உங்கள் பக்கம்.

அதனால் வேகம் முக்கியம். நாளைக் காலை இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் வேலைக்குத் தகுதியில்லை என்ற சான்றைத் தொடங்குங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு மருத்துவ விடுப்புக் கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. வாட்ஸ்அப்பில் ஒரு நகலும் அனுப்புங்கள். கிளை அலுவலகத்தில் வங்கிக் கணக்கும் ஆதாரும் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். சம்பளத்தில் பிடித்த சந்தாவை நிஜமாகவே கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத ஆட்களை நான் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். கட்டவில்லையென்றால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார், சம்பளச் சீட்டு நகலோடு.

பென்ஷனையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப்.போடு சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தில், பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு மாத ஓய்வூதியம் உண்டு. பத்து வருடச் சேவை தேவையில்லை, ஒரு மாதச் சந்தா இருந்தாலே போதும். வேலையால் வந்த பாதிப்பாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவக் குழு பார்க்கும், மனுவுக்குப் படிவம் 10டி. குறைந்தபட்சம் மாதம் 1,000தான், பெரிய தொகை இல்லை. இதிலும் "பணியில் இருக்கும்போது" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஊசிக்காரி · திங்கள், இரவு 10.50

நான் டயாலிசிஸ் டெக்னீசியன், பன்னிரண்டு வருஷ அனுபவம். சங்கத்து அண்ணன் சொன்ன நிரந்தர இயலாமைக்கு இப்போதே ஓட வேண்டாம் என்று தோன்றுகிறது. 38 வயது. மாற்று சிறுநீரகம் கிடைத்தால் அவர் மறுபடி கத்திரி பிடிப்பார். முழுமையாக, நிரந்தரமாக முடியாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டுப் பிறகு எப்படி வேலைக்குப் போவது? இந்த இரண்டு வருட உதவியைப் பாலமாகப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், என் மனசில் கிடப்பது. வாரம் இரண்டு டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். காசுக்காகக் குறைத்தீர்களா? பொதுவாக வாரம் மூன்று, நான்கு மணி நேரம். இ.எஸ்.ஐ. ரெஃபரல் கிடைத்ததும் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள், அந்தக் கையில் துணி பண்டல் தூக்கவே கூடாது. இளநீர் வேண்டாம். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்பாக இளநீர்தான் வாங்கி வருவார்கள், அதிலிருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

வீட்டில் தானம் கொடுக்கக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?

நொய்யல்கரை · திங்கள், இரவு 11.15

ஆமாங்கக்கா, காசுக்காகத்தான் ரெண்டு. டாக்டர் மூணு சொன்னார்.

அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணி கர்ப்பமா இருக்காங்க. நான் இருக்கேன். எனக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை. வீட்டுல இன்னும் சொல்லல.

ஊசிக்காரி · திங்கள், இரவு 11.32

உடன்பிறந்தவள் சட்டப்படி நெருங்கிய உறவுதான், அதில் தடை இல்லை. ஆனால் இப்போது ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கே பிரஷர், சர்க்கரை, கிட்னி எல்லாம் முழுசாகப் பார்ப்பார்கள். உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். அப்போது வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம், அதை யாரும் தப்பாக எடுக்க முடியாது.

மதுரைக் கணக்கர் · செவ்வாய், காலை 6.40

நேற்று முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் அலுவலக அறை பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை. நாலுசக்கரம் ஐயா சொன்ன பிறகுதான் அது உறைத்தது. இன்று மேலதிகாரியிடம் ஒரு கடிதமாகக் கேட்கப் போகிறேன். அறிவிப்பில் கிட்னியைச் சேர்க்கும் மனு எழுதினால் என் கையெழுத்தும் இருக்கட்டும்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒன்று: பழைய வரி முறையில் கணக்குக் கொடுத்தால் கிட்னி சிகிச்சைச் செலவை வருமானத்தில் கழிக்கலாம். 40,000 வரை, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். சிறுநீரக நிபுணரின் சீட்டு வேண்டும்.

நொய்யல்கரை · நாலரை மாசம் கழிச்சு, சனிக்கிழமை, இரவு 8.10

நடுவுல எழுத முடியல, மன்னிக்கணும். அண்ணிக்குப் பொண்ணு பொறந்திருக்கு.

நடந்ததை வரிசையாச் சொல்றேனுங்க. சந்தாவுல ரெண்டு மாசம் கட்டாம இருந்தாங்க. கிளை அலுவலகத்துல சீட்டு நகலோட புகார் கொடுத்தோம், அப்புறம் கட்டிட்டாங்க. டயாலிசிஸ் இப்ப ஒப்பந்த ஆஸ்பத்திரியில வாரம் மூணு, கையில இருந்து ஒரு ரூபா போகல. மூணு ஆனதுல இருந்து அண்ணனுக்கு மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்கு, ராத்திரி படுத்துத் தூங்கறார். முன்னால தலையணை அடுக்கி உக்காந்துட்டேதான் தூங்குவார்.

91 நாள் பணம் ரெண்டு தவணை லேட்டா வந்துச்சு, ஆனா வந்துருச்சு. மீரான் அண்ணன் சொன்ன மாதிரி முதல் தாள்லயே நோய் பேரைத் தெளிவா எழுதி வாங்கினோம். 80 சதவீத நீட்டிப்பு போன மாசம் ஆர்டர் ஆச்சு. முதல் பணம் இந்தப் புதன்கிழமை ஏறுச்சு. அண்ணன் போனை எடுத்து மெசேஜை மூணு தடவை படிச்சார்.

கம்பெனியில இன்னும் பேர் இருக்கு. மேனேஜர் பேசறதில்ல.

எனக்கு டெஸ்ட் பாதி முடிஞ்சுது. என் கிட்னி அவர் ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்கற கிராஸ்மேட்ச் வர்ற வியாழக்கிழமை. வீட்டுல சொல்லியாச்சு, அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப என் கேள்வி: நானும் இன்னொரு கம்பெனியில டெய்லர், எனக்கும் இ.எஸ்.ஐ. இருக்கு. தானம் கொடுத்தா எனக்கு லீவு, பணம் ஏதாவது உண்டா? குணமாகறதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு சொன்னாங்க.

பழைய சங்கத்துக்காரர் · சனிக்கிழமை, இரவு 8.35

புதன்கிழமை ஏறிய பணத்தைப் படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன் தங்கச்சி.

மத்திய அரசு ஊழியர் உறுப்பு தானம் செய்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023-இல் ஆணை வந்தது. தனியார் தொழிலாளிக்கு அந்த ஆணை இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. சட்டம் நோய் என்பதற்குக் கொடுக்கும் விளக்கம், மருத்துவக் கவனிப்பு தேவைப்பட்டு அதனால் வேலைக்குப் போக முடியாத நிலை. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தும் என்பதுதான் என் வாதம். போன சந்தா காலத்தில் 78 நாள் சந்தா இருக்கிறதா பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கடிதம் நான் எழுதித் தருகிறேன். இ.எஸ்.ஐ. கார்டில் இருக்கும் ஐ.பி. நம்பரை இங்கே போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஈரோட்டு அம்மா · சனிக்கிழமை, இரவு 9.20

வியாழக்கிழமை எந்த ஆஸ்பத்திரி கண்ணு? ஈரோட்டுல இருந்து காலையில முதல் பஸ்ஸுல வந்துர்றேன். உங்க அம்மாகூட யாராவது இருக்கணும்.